கேம் கணினிக்கு எந்த டிரைவ்?

வீட்டில் கேம் விளையாட வாங்கும் கணினியில் கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைக்கும் கவனம் சேமிப்பு டிரைவுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் கேம் எவ்வளவு விரைவாகத் திறக்கும், எத்தனை கேம்களை வைத்துக்கொள்ளலாம், விட்ட இடத்திலிருந்து மறுநாளும் தொடர முடியுமா என்பதெல்லாம் அந்த டிரைவைப் பொறுத்தவை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரங்களில் வெயிலையும் மின்தடையையும் அது தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வகைகள்

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டுகளில் காந்த முறையில் தரவைப் பதிவது. தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை தரும். கேமோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்கும் தேடிப் படிக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் படிக்கும் முனை நகர வேண்டியிருப்பதால், அப்போது வேகம் ஒன்றிரண்டு மெகாபைட்டுக்குக்கூட இறங்கிவிடும்.

எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் எதுவும் இல்லை. தரவு சிப்புகளில் பதிவாகிறது. இதில் சாட்டா கேபிளில் இணைவது ஒரு வகை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் மதகின் அளவுக்குத்தான் வாய்க்காலில் ஓடும் என்பதுபோல், சிப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் சாட்டா வழியே நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்தான் வரும்.

மூன்றாவது என்.வி.எம்.இ. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு பலகையாக, மதர்போர்டின் எம்.2 இணைப்பிலேயே செருகப்படுகிறது. மூன்றாம் தலைமுறை டிரைவுகள் நொடிக்கு 3,500 மெகாபைட்டும், நான்காம் தலைமுறை டிரைவுகள் 7,000 மெகாபைட்டும் எட்டுகின்றன. ஐந்தாம் தலைமுறையில் வேகம் 10,000 மெகாபைட்டைத் தாண்டுகிறது.

வேகத்துக்கு எவ்வளவு செலவிடலாம்?

ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் வித்தியாசம் உடனே தெரியும். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது பெரும்பாலான கேம்களில் சில நொடிகளே மிச்சமாகும். மூன்றாம் தலைமுறைக்கும் ஐந்தாம் தலைமுறைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதே கடினம். டிரைவ் தரும் தரவு சுருக்கப்பட்டிருப்பதும், அதை விரிக்கும் வேலை பிராசஸரிடம் தங்கிவிடுவதும்தான் காரணம். அந்த வேலையை கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்ற உதவும் டைரக்ட்ஸ்டோரேஜ் நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் 2022-இல் விண்டோஸுக்கு வெளியிட்டது. அதைப் பயன்படுத்தும் கேம்கள் இன்னும் குறைவுதான். ஆகவே உச்ச வேகத்துக்கான கூடுதல் பணத்தைக் கொள்ளளவுக்குச் செலவிடுவதே லாபம்.

கொள்ளளவு

2023-இல் வெளியான ஸ்டார்ஃபீல்டுக்கு 125 கிகாபைட்டும், பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 கிகாபைட்டும் இடம் வேண்டும். இரண்டுமே எஸ்.எஸ்.டி.யைக் கேட்பவை. 1 டெராபைட் டிரைவை விண்டோஸ் 931 கிகாபைட்டாகக் காட்டும். விண்டோஸுக்கு உரியதும் காலியாக விட வேண்டிய பத்து சதவீதமும் போனால், இப்படிப்பட்ட பெரிய கேம்கள் ஐந்து அடங்கும். 512 கிகாபைட் டிரைவில் இரண்டுக்கே இடம் இருக்கும். அழித்துவிட்டு மறுபடி இறக்கலாம் என்றால், நொடிக்கு 50 மெகாபிட் இணைப்பில் 150 கிகாபைட் இறங்க ஆறே முக்கால் மணி நேரம் ஆகும்.

சிப்பின் தரம்

ஒரே கொள்ளளவுள்ள இரண்டு டிரைவுகளின் விலை வேறுபட்டால் சிப்பைப் பார்க்க வேண்டும். டி.எல்.சி. வகையில் ஒரு செல்லில் மூன்று பிட், கியூ.எல்.சி. வகையில் நான்கு பிட் பதிவாகும். கியூ.எல்.சி. மலிவானது, ஆனால் பெரிய கேமை இறக்கும்போது பாதியில் வேகம் குறையும், ஆயுளும் குறைவு. 1 டெராபைட் டி.எல்.சி. டிரைவுகள் பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 50 கிகாபைட் எழுதினாலும் அந்த அளவை எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

டெல்டாவின் வெயிலும் மின்சாரமும்

என்.வி.எம்.இ. டிரைவ் வேலை செய்யும்போது நன்றாகச் சூடாகும். சூடு எல்லை மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அறையே 38 டிகிரியில் இருக்கும் சித்திரை, வைகாசியில் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். டிரைவின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் அவசியம். தை மாத அறுவடையின்போது வைக்கோல் தூசி கேபினட்டின் வலையை அடைத்தால் காற்றோட்டம் நின்றுபோகும். அதை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி. இரண்டிலுமே கோப்பு சிதையலாம்; முதலில் கெடுவது பெரும்பாலும் சேவ் கோப்புதான். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ்., ஈகோ என இரண்டு நிலைகள் உண்டு. ஈகோ நிலையில் பேட்டரிக்கு மாறத் தாமதமாவதால் கணினி அணைந்துவிடும். யு.பி.எஸ். நிலையில் வைப்பதோ, தனி யு.பி.எஸ். வாங்குவதோ நல்லது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய நாட்களை எண்ணி, குடும்பப் புகைப்படங்களையும் சேவ் கோப்புகளையும் தனி வெளிப்புற ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து உயரமான, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். மின்சாரமே கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் எஸ்.எஸ்.டி. தரவை இழக்கக்கூடும் என்பதால், நெடுநாள் நகலுக்கு ஹார்டு டிஸ்கே ஏற்றது.

வாங்கும்போது

மதர்போர்டின் கையேட்டில் எம்.2 இணைப்புகள் எத்தனை, அவை என்.வி.எம்.இ.யை ஏற்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். சில பழைய பலகைகளில் எம்.2 இணைப்பு சாட்டா டிரைவை மட்டுமே ஏற்கும். மிகக் குறைந்த விலைக்கு 16 டெராபைட் என்று இணையத்தில் விற்கப்படுபவை போலிகள். ரசீதோடு வாங்கி, வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

புதிய கணினிக்கு 1 டெராபைட் டி.எல்.சி. என்.வி.எம்.இ. டிரைவ், மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறையில், போதுமானது. பணம் மிஞ்சினால் அதையே 2 டெராபைட்டாக்கலாம். எம்.2 இல்லாத பழைய கணினிக்குச் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றே புதுத் தெம்பு தரும். ஏற்கெனவே உள்ள ஹார்டு டிஸ்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை: பழைய கேம்களும் பதிவு செய்த வீடியோக்களும் அதிலேயே இருக்கலாம்.