பெயர் மறையினும் பயன் மறையாது

காங்கேயம் வட்டாரத்தில் மாடு வாங்கச் செல்லும் உழவர், கொம்பையும் திமிலையும் பார்த்த அளவில் விலை பேசிவிடுவதில்லை. ஈன்ற பசு எது, பொலிகாளை எது என்று வினவிய பின்னரே பணப்பையைத் திறப்பார். பெற்றோரின் பண்புகள் கன்றுக்கு வரும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அவை எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவரோ ஒரு கத்தோலிக்கத் துறவி.

அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரத்து மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து ஆராய்ந்தார். 1866ஆம் ஆண்டில் தம் முடிவுகளை அச்சேற்றினார். ஓர் ஆய்வாளர் பிறர் கண்டதைத் தம் கட்டுரையில் எடுத்தாளும்போது அவர் பெயரைக் குறிப்பிடுவது அறிவியல் உலகின் மரபு. இதனை மேற்கோள் என்பர். எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டே ஓர் ஆய்வின் சிறப்பு இன்று பெரும்பாலும் அளக்கப்படுகிறது. அந்த அளவுகோலால் அன்று அளந்திருந்தால் மெண்டலுக்கு என்ன கிடைத்திருக்கும்? அவர் 1884இல் மறைந்தார். 1900ஆம் ஆண்டில் மூன்று அறிஞர்கள் தனித்தனியே அதே உண்மையைக் கண்டு, அவரது கட்டுரையையும் கண்டெடுத்தனர். அதன் பின்னரே மரபியல் என்னும் துறை தழைத்தது.

அத்துறையில் உழைத்த ஒரு பெண்மணி நம் கோவை மண்ணிலும் பணியாற்றினார் என்பதை நம்மில் பலர் அறியோம். 1897இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் கற்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். பின் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது!

1934இல் அவர் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். 1912இல் தோன்றிய அந்நிறுவனம், இனிப்பு மிகுந்த கரும்பை நாணலோடு இணைத்து, 'கோ 205' என்னும் வகையை 1918லேயே வெளியிட்டிருந்தது. கரும்பு இனிப்பைத் தந்தது. நாணல் உறுதியைத் தந்தது. ஜானகி அம்மாள் கரும்பு இனங்களின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மரபுப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம்களை எண்ணிக் கணக்கிட்டார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்த கலப்பினம் பற்றி 1938இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பெண் என்பதாலும் பிறந்த சாதியாலும் அவர் இங்கே மனவருத்தங்களுக்கு ஆளானார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். கோவை மண்ணுக்கு இது பெருமையன்று.

1939இல் இங்கிலாந்து சென்ற அவர், போர்க்காலம் முழுவதும் அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூலை டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து 1945இல் வெளியிட்டார். பின்னர் மேக்னோலியா மரங்களில் கோல்சிசின் என்னும் மருந்தைச் செலுத்தி ஆராய்ந்தார். உயிரணு இரண்டாகப் பிரிவதை அம்மருந்து தடுப்பதால், குரோமோசோம்கள் இரட்டிப்பாகிச் செடி புதுத்தன்மை பெறும். மூலனூர், தாராபுரம் பகுதிகளில் நம் உழவர் பயிரிடும் கண்வலிக் கிழங்கின் விதையில் உள்ளதும் இதே கோல்சிசின்தான்.

1955இல் அப்பெருநூல் விரிவாக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தபோது, டார்லிங்டனோடு வேறொருவர் பெயர் ஆசிரியராக இடம்பெற்றது. பின்வந்தோர் அப்பதிப்பை மேற்கோள் காட்டுகையில் ஜானகி அம்மாளின் பெயர் அங்கே இல்லை. ஆனால் அவர் இட்ட அடித்தளம் இருந்தது. பெயர் விடுபட்டதால் உழைப்பு பொய்யாகிவிடுமா?

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பியவர், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் ஓயாது, அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைத் திட்டத்திலிருந்து காக்கக் குரல் கொடுத்தார். மெண்டல் மறைந்து ஒரு நூற்றாண்டு கழித்து, 1984 பிப்ரவரியில் அவர் இவ்வுலகை நீத்தார். அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதோ அதே ஆண்டு நவம்பரில்! விதைத்தவர் ஒருவர், விளைச்சலைக் கண்டவர் வேறொருவர்.

அன்பார்ந்த பெற்றோரே! மதிப்பெண் பட்டியலும் பரிசுக் கோப்பையும் நம் பிள்ளைகளை அளக்கும் ஒரே கோலாகிவிட்டன. முதலிடம் தவறிய பிள்ளையின் முகம் வாடுவதைப் பங்குகளில் நாம் காண்கிறோம். பிறர் நம்மை எத்தனை முறை சொன்னார்கள் என்பதற்கும், நாம் செய்தது மெய்யா என்பதற்கும் வேறுபாடு உண்டென்று வீட்டில் எடுத்துரையுங்கள். நுண்ணோக்கியைக் கண்டு ஆவலுறும் மகளை, "பெண்ணுக்கு இது எதற்கு?" என்று தடுத்துவிடாதீர்கள். மண்ணில் மடிந்து பலன் தரும் கோதுமை மணியை நமக்குக் காட்டியவர் நம் ஆண்டவர். மனிதர் ஏட்டில் விடுபட்ட பெயர்களும் அவர் நினைவில் விடுபடுவதில்லை.