வளைவில் உறுமும் சக்கரம்

மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அச்சில் 'கிறீச்' என்று சப்தம் எழுந்தால் வண்டியை நிறுத்துவார்கள். மசகு போட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறி உட்காருவார்கள். மோட்டார் வண்டியில் செல்லும் நாமோ, திரும்பும்போது சக்கரத்தடியில் 'கரகர'வென்று ஏதோ அரைபட்டால், ரேடியோவின் குரலைச் சற்று உயர்த்திவிட்டுப் பிரயாணத்தைத் தொடர்கிறோம். சப்தம் அமுங்கிவிடுகிறது, கோளாறு அமுங்குவதில்லை.

பிறகு ஒரு நாள் பட்டறைக்குப் போய், "ஏதோ சப்தம் வருகிறது" என்கிறோம். வைத்தியரிடம் சென்று "எங்கேயோ வலிக்கிறது" என்று சொல்வதற்கு ஒப்பானது இது. பட்டறைக்காரர் ஊகத்தின் பேரில் ஒன்றை மாற்றுகிறார். பணம் போகிறது, சப்தம் போவதில்லை. ஆகவே, பட்டறை வாசலை மிதிக்குமுன் சப்தத்தை நாமே விசாரணை செய்துவிடுவது நலம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: எந்த வேகத்தில் வருகிறது? எந்தப் பக்கம் திரும்பும்போது வருகிறது? ப்ரேக்கை மிதித்தால் மாறுகிறதா?

நேராகச் செல்லும்போது மௌனம் சாதிக்கும் சக்கரம் வளைவில் மட்டும் வாய் திறப்பானேன்? வண்டி இடது பக்கம் திரும்பினால் அதன் பாரம் வலது பக்கத்துச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. வலது பக்கம் திரும்பினால் இடது பக்கத்தின் மேல் சாய்கிறது. சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் 'பேரிங்'குக்குள் எஃகுக் குண்டுகள் இருக்கின்றன. அவையும் அவை ஓடும் தடமும் தேய்ந்திருந்தால், பாரம் ஏறும் சமயத்தில் உறுமத் தொடங்கும். இடது வளைவில் உறுமல் ஓங்கினால், பெரும்பாலும் வலது பக்கத்துச் சக்கரமே குற்றவாளி. வேகம் கூடக் கூட உறுமலும் கூடும். இதை டயரின் இரைச்சல் என்று எண்ணிப் புது டயர் வாங்கி ஏமாறுவோரும் உண்டு.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு இந்த நோய் எளிதில் வரும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கினால் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். வெள்ளம் வடிந்து வெகு நாளைக்குப் பிறகுதான் சப்தம் கேட்கும். அதற்குள் காரணமே மறந்துபோயிருக்கும்.

இரண்டாவது சப்தம் வேறு ஜாதி. அம்பாஸிடர் வண்டியில் எஞ்சின் பின் சக்கரங்களை உருட்டியது. 1983-ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி 800-லோ முன் சக்கரங்களே வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இன்றைய சிறு கார்களிற் பெரும்பாலானவற்றில் இதே ஏற்பாடுதான். இந்த இரட்டை வேலைக்காக முன் அச்சில் வைத்த மூட்டுக்கு 'சி.வி. ஜாயின்ட்' என்று பெயர். அதன்மேல் ஒரு ரப்பர் உறை உண்டு. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மண் உள்ளே நுழையும். மெதுவான வேகத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக், டக்' என்று கேட்டால், இந்த மூட்டையே சந்தேகிக்க வேண்டும்.

ப்ரேக்கை மிதித்தவுடன் இரும்போடு இரும்பு உரசுவதுபோல் கேட்டால், ப்ரேக் கட்டை தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று அறியலாம். சில சமயம் டிஸ்க்குக்குப் பின்னாலிருக்கும் மெல்லிய தகட்டில் ஒரு சிறு கல் சிக்கிக்கொண்டு இத்தனை ஆர்ப்பாட்டமும் செய்வதுண்டு. கல்லை எடுத்துத் தகட்டைச் சற்றே வளைத்துவிட்டால் தீர்ந்தது.

வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் முனகுமாயின், எண்ணெயால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் குறைந்திருக்கலாம். மின்சார ஸ்டியரிங்கில் அந்த எண்ணெய் கிடையாது. அதில் ஸ்பிரிங்கின் மேல் முனையிலுள்ள தாங்கியைப் பார்க்க வேண்டும்.

விசாரணைக்குப் பின் பரீட்சை. சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்ரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு அணை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டின் மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவது கூடவே கூடாது. டயரின் மேலும் கீழும் கை வைத்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? கையால் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோல் சொரசொரப்புத் தட்டுகிறதா? தெரிந்தால் பேரிங் தேய்ந்தது என்பதற்குப் பெரும்பாலும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.

மூட்டின் உறை கிழிந்தது மட்டுமானால் சுத்தம் செய்து புது கிரீஸும் புது உறையும் போடலாம். சப்தம் தொடங்கிவிட்டால் மூட்டையே மாற்ற வேண்டும். பேரிங் மாற்றுவது வீட்டு வேலையன்று. அதைச் சம்மட்டியால் அடித்து ஏற்றினால், புதிய குண்டுகளின் தடத்திலேயே பள்ளம் விழுந்து, புது பேரிங்கும் பழைய பாட்டையே பாடத் தொடங்கும். அழுத்தும் கருவியால் ஏற்றி, நடு நட்டைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்கும் பட்டறையைத் தேடிச் செல்ல வேண்டும்.

இதையெல்லாம் நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் பணம் மட்டுமன்று. அறவே தேய்ந்த பேரிங் சூடேறி இறுகலாம். சக்கரத்தையே ஆட்டங்காணச் செய்யலாம். அது நிகழும்போது பின் ஆசனத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். உறுமலுடன் ஸ்டியரிங்கில் நடுக்கமோ, ஒரு சக்கரத்தில் மட்டும் அளவுக்கு மீறிய சூடோ தெரிந்தால், அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது. இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே விவேகம். கல்யாண முகூர்த்தம் தவறினாலும் பந்திக்குப் போய்ச் சேரலாம். சக்கரத்தின் எச்சரிக்கையைத் தவறவிட்டால் அப்படி ஈடு செய்ய முடியாது.