85, 86, 87: மெஷினே சொல்லும் மூன்று காரணங்கள்

கம்ப்யூட்டரிலிருந்து சிஎன்சி மெஷினுக்குப் புரோகிராம் போகவில்லை என்றால் பலரும் முதலில் கேபிளை மாற்றுவார்கள், அப்புறம் பாட் ரேட்டை. கடைசியில் ஏதோ ஒன்று வேலை செய்யும். எது என்று தெரியாது. இந்த அலைச்சலே வேண்டாம். ஆர்எஸ்-232 போர்ட் உள்ள பழைய ஃபானுக் கன்ட்ரோலர்கள் தப்பு எங்கே என்று அலாரம் நம்பரிலேயே சொல்லிவிடும்.

86 வந்தால், எதிர்முனை தயார் என்ற சிக்னலே மெஷினுக்குக் கிடைக்கவில்லை. இங்கேதான் கேபிளைப் பார்க்கணும். கம்ப்யூட்டரில் 9 பின், மெஷினில் 25 பின் என்றால் 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 7. அனுப்புவதும் வாங்குவதும் குறுக்கே போக வேண்டாமா? போகத்தான் செய்கிறது. 9 பின்னில் 2 வாங்கும், 25 பின்னில் 2 அனுப்பும். மூன்று கம்பி மட்டும் என்றால், மெஷின் பக்க கனெக்டரில் 4-5 ஒன்றாகவும், 6-8-20 ஒன்றாகவும் ஷார்ட் செய்யணும்.

85 வந்தால், எழுத்து வருகிறது, ஆனால் புரியவில்லை. பாட் ரேட், பாரிட்டி, ஸ்டாப் பிட் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்க. பல மெஷின்களில் 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். கம்ப்யூட்டரோ பெரும்பாலும் 8 பிட், பாரிட்டி இல்லாமல், 1 ஸ்டாப் பிட்டில் நிற்கும்.

87 கொஞ்சம் தந்திரமானது. புரோகிராம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் நின்றுவிடும். பஃபர் நிரம்பும்போது மெஷின் 'நிறுத்து' என்று எக்ஸ்ஆஃப் அனுப்பும். அதற்குப் பிறகும் 10 எழுத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் இந்த அலாரம். சாஃப்ட்வேரில் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் ஆன் ஆகியிருக்கா பாருங்க. இருந்தும் வந்தால் யூஎஸ்பி கன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்க; நிறுத்தச் சொன்ன பிறகும் தன் பஃபரில் இருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போர்ட் செட்டிங்கில் ஃபிஃபோ பஃபரைக் குறைத்துப் பாருங்க.

அலாரம் போனால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. பாரிட்டி, மாறிப்போன ஒரு பிட்டைப் பிடிக்கும். தொலைந்துபோன எழுத்தைப் பிடிக்காது. பல மெஷின்களில் Z50. என்றால் 50 மிமீ. அந்தப் புள்ளி தொலைந்தால் 0.05 மிமீ. மேலே தூக்க வேண்டிய டூல், ஜாபை ஒட்டியபடியே அடுத்த ராப்பிட் மூவில் கிளாம்பில் போய் இடிக்கும்.

அதனால், செட்டிங் மாற்றியதும் முதல் புரோகிராமை மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்குத் திரும்ப வாங்கி, அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பாருங்க. இரண்டும் ஒன்று என்றால் மட்டும் சைக்கிள் ஸ்டார்ட்.