மச்சுத்தள மரக்கட்டைகளைச் சீரமைத்தல்

மச்சுத்தளம் என்பது சுவருக்குச் சுவர் வரிசையாக மரக்கட்டைகளை இட்டு, அவற்றின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைக்கப்படும் தளம் ஆகும். கட்டடத் துறையினர் இதனை 'மெட்ராஸ் டெரஸ்' என்பர். கான்கிரீட் பரவுவதற்கு முன் தமிழகத்தின் மாடி வீடுகள் பலவும் இம்முறையில் கட்டப்பட்டன. மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் போன்ற பகுதிகளின் பழைய வீடுகளிலும் இத்தளத்தைக் காணலாம். கீழ்வீட்டுக்குக் கூரையும் மேல்வீட்டுக்குத் தரையும் இதுவே. ஆகவே ஒரு கட்டை கெட்டால் இரண்டு குடும்பங்களுக்கும் ஆபத்து.

அமைப்பு

அகலமான அறைகளில் முதலில் பெரிய உத்திரம் வைக்கப்படும். அதன் குறுக்கே ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளியில் கட்டைகள் வரும். வசதியுள்ளோர் பர்மா தேக்கையும், மற்றவர் பிற நாட்டு மரங்களையும் பயன்படுத்தினர். கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்கள் நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையில் பதிக்கப்படும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பல நாட்கள் மரக்கட்டையால் தட்டி இறுக்குவர். மொட்டைமாடியானால் இறுதியில் தட்டோடு பதிக்கப்படும்.

கட்டை கெடும் இடம்

கட்டை பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியில்தான் கெடுகிறது. மரத்தின் வெட்டுமுனை பக்கவாட்டைவிட விரைவாக நீரை உறிஞ்சும். சுவருக்குள் காற்றோட்டமும் இல்லை. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்து அழுகும். ஈரம் பட்ட மரத்தைக் கரையானும் எளிதில் தேடி வரும்.

நடுப்பகுதி வைரம் பாய்ந்ததுபோல் இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். அது எளிதாக உள்ளே இறங்கினாலும், தட்டும்போது பொத்தலான ஒலி வந்தாலும் நுனி போய்விட்டது என்று பொருள். சுவரில் மண்கோடுகள், கீழே உதிரும் மரத்தூள், தளத்தில் நடக்கையில் ஏற்படும் அதிர்வு ஆகியவையும் அறிகுறிகளே.

சிமெண்ட் பூச்சு என்னும் தவறு

ஐப்பசி அடைமழையில் தளம் ஒழுகினால் மேலே சிமெண்ட் கலவை போட்டு மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. 10 அடிக்கு 10 அடி அறையில் 1 அங்குலக் கனத்துக்குக் கலவை போட்டால் ஏறக்குறைய அரை டன் சுமை கூடுகிறது. இரண்டு மூன்று முறை இப்படிப் பூசிய தளங்களும் உண்டு. அதோடு, சுண்ணாம்பைப் போலச் சிமெண்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. விரிசல் வழியே இறங்கிய நீர் கட்டையிலேயே தங்கும். மேலே 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் இன்னொரு டன் ஏறும். கட்டையை மாற்றுவதற்கு முன் ஒழுகலை நிறுத்தவும், தேவையற்ற சுமையை இறக்கவும் வேண்டும். இதைச் செய்யாமல் புதுக்கட்டை போட்டால் அதுவும் அழுகும்.

சீரமைக்கும் முறை

முதல் வேலை முட்டுக் கொடுப்பது. கட்டைகளுக்குக் குறுக்கே பலகை வைத்து, அதன் கீழ் முட்டுகளை நிறுத்த வேண்டும். மேல்மாடியில் வேலை நடந்தால் முட்டு கீழ்த்தளத்திலும் தொடர்ந்து தரைவரை இறங்க வேண்டும். இல்லையேல் சுமை முழுவதும் நடுத்தளத்தின் மேல் விழும். தொய்ந்த கட்டையை ஜாக்கியால் ஒரேயடியாகத் தூக்கி நேராக்க முயலக்கூடாது. பல ஆண்டுகளாக வளைந்த மரம் நிமிர்ந்தால் மேலுள்ள செங்கல் அடுக்கு பிளந்துவிடும். இருக்கும் நிலையிலேயே தாங்கிப் பிடித்தால் போதும்.

நுனி மட்டும் அழுகியிருந்தால் அந்தப் பகுதியை அறுத்து நீக்கி, இருபுறமும் இரும்புச் சேனல் வைத்துப் போல்ட்டால் முடுக்கலாம். சேனலின் ஒரு முனை சுவரில் அமர வேண்டும். மறுமுனை நல்ல மரத்தின் மேல் குறைந்தது 3 அடியாவது ஓட வேண்டும். நடுவில் வெடித்திருந்தால் சுவர் முதல் சுவர் வரை புதிய கட்டையைப் பக்கத்தில் சேர்த்து இணைப்பர். அதன் உயரம் பழைய கட்டைக்குக் குறையக்கூடாது. உயரம் இருமடங்கானால் கட்டையின் விறைப்பு எட்டு மடங்காகும். அகலம் இருமடங்கானால் இருமடங்குதான்.

முழுக்கட்டையையும் மாற்றும்போது ஒரு சிக்கல் எழும். அறையைவிட நீளமான கட்டையை இரு சுவர்களுக்குள்ளும் எப்படி நுழைப்பது? அனுபவமுள்ள கொத்தனார் ஒரு சுவரின் குழியை இருமடங்கு ஆழமாக வெட்டுவார். கட்டையை அதற்குள் தள்ளி, மறுமுனையை நிமிர்த்தி, எதிர்ச்சுவரின் குழிக்குள் பின்னோக்கி இழுத்து அமர்த்துவார். மேலுள்ள இடைவெளியில் ஆப்பு அடித்துச் சுண்ணாம்புக் கலவையால் இறுக்குவர். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நுனியைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடம் விட வேண்டும், சிமெண்டால் அடைக்கலாகாது. ஈரமரத்தின் மேல் தார் பூசுவதும் தவறு, ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

பல கட்டைகள் தளர்ந்திருந்தால் நடுவில் இரும்புக் கர்டர் கொடுப்பது மற்றொரு வழி. அதன் முனைகளில் சேரும் சுமையை மண்சாந்துச் சுவர் தாங்காது. கருங்கல்லோ கான்கிரீட் திண்டோ வைக்க வேண்டும். இதற்குக் கட்டடப் பொறியாளரின் கணக்கு அவசியம்.

பெரிய கட்டடங்களில்

மச்சுத்தளத்தை இடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1768-இல் கட்டப்பட்ட சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 சனவரியில் தீயில் சிதைந்தது. பொதுப்பணித் துறை அதனை இடிக்காமல் மீட்டமைத்தது. அதே வளாகத்தில் சரிந்து கிடந்த ஹுமாயூன் மகாலின் தளமும் பின்னர் மெட்ராஸ் டெரஸ் முறையிலேயே அமைக்கப்பட்டது. வீடுகளுக்குத் தேவையான பழைய தேக்குக் கட்டைகள் காரைக்குடியின் பழைய மரச்சாமான் கடைகளில் கிடைக்கும். நன்கு உலர்ந்தவை என்பதால் புதுமரத்தைப்போல் முறுக்கிக்கொள்வதில்லை. ஆணித்துளையும் கரையான் தடமும் பார்த்து வாங்க வேண்டும்.

பொதுச்சுவர்

நெருக்கமான தெருக்களில் இரு வீட்டுக் கட்டைகளும் ஒரே சுவரில் அமர்ந்திருக்கும். ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டின் கட்டை நுனிகள் மழைக்கு வெளிப்படும். குழிகளைப் பெயர்த்தால் சுவரும் தளரும். எனவே இடிப்பதற்கு முன்பே அடுத்த வீட்டினுள் முட்டுக் கொடுத்து, வெளிப்படும் சுவரை மழைக்காலத்துக்கு முன் பூசி முடிக்க வேண்டும். அந்தப் பூச்சும் சுண்ணாம்பாக இருப்பதே நல்லது.