காய்ச்சல் தணிந்த பின்னரும் கவனிக்கப்பட வேண்டிய கவாசாகி நோய்

கவாசாகி என்றதும் மோட்டார் சைக்கிளே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். சிறுவர் வைத்தியத் துறையிலோ அது ஜப்பானிய வைத்தியர் ஒருவரின் பெயரால் வழங்கும் நோயாகும். 1961ஆம் ஆண்டு டோக்கியோவிலுள்ள செஞ்சிலுவைச் சங்க வைத்தியசாலையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் டொக்டர் டோமிசாகு கவாசாகி இந்நோயை முதன்முதலாக அவதானித்தார். இவ்வாறான 50 சிறுவர்கள் பற்றிய விபரங்களை 1967இல் அவர் வெளியிட்டபோது, இது தானாகவே குணமாகிவிடும் நோய் என்றே கருதப்பட்டது. 1970இல் ஜப்பானில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வே, இந்நோய் கண்ட குழந்தைகள் சிலர் இதயப் பாதிப்பினால் மரணமடைந்திருந்தமையை வெளிக்கொணர்ந்தது. காய்ச்சல் நீங்கியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் பெற்றோர் மத்தியில் இன்றும் நிலவுவதாலேயே இதுபற்றி நாம் எழுத முற்படுகிறோம்.

இந்நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே தாக்குகிறது. ஐந்து நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் கடுங்காய்ச்சல், பீளை தள்ளாத கண் சிவப்பு, வெடித்துச் சிவந்த உதடுகள், தோலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் என்பன இதன் அறிகுறிகளாகும். பிறந்தவுடன் பி.சி.ஜி. ஏற்றப்படும் நம் நாடு போன்ற நாடுகளில் அந்தத் தழும்பு சிவந்து காணப்படுவதும் பயனுள்ள ஓர் அடையாளமாகும். நோயை உறுதிப்படுத்தும் தனியான இரத்தப் பரிசோதனை கிடையாது. சின்னமுத்து என்றோ டெங்கு என்றோ முதலில் எண்ணப்படுவதில் வியப்பில்லை.

இதயத் தசைக்குக் குருதி வழங்கும் முடியுரு நாடிகளின் சுவர் அழற்சியினால் நலிவடைந்து, குருதி அமுக்கத்தைத் தாங்கமாட்டாமல் பலூன் போன்று புடைத்துக்கொள்வதே இந்நோயின் பெரிய ஆபத்தாகும். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது நேர்கிறது. நோய் தொடங்கிப் பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நாளத்தினூடாக ஏற்றினால் இவ்விகிதம் சுமார் ஐந்து சதவீதமாகக் குறைகிறது. முடியுரு நாடிகள் ஒருபோதும் பாதிக்கப்படாத பிள்ளைகளின் எதிர்காலம் ஏனைய பிள்ளைகளினதைப் போன்றதே என்பதால், அவர்களது பெற்றோர் வீணாகக் கலங்க வேண்டியதில்லை.

புடைப்பு ஏற்பட்டவர்களின் நிலை என்ன? ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தில் டொக்டர் ஹிரோஹிசா காட்டோ தலைமையிலான குழுவினர் 594 சிறுவர்களை 10 முதல் 21 வருடங்கள் வரை பின்தொடர்ந்து, 1996இல் அதன் பெறுபேறுகளை வெளியிட்டனர். அவர்களுள் 146 பேருக்குப் புடைப்பு ஏற்பட்டிருந்தது. ஓரிரு வருடங்களில் 72 பேருக்கு, அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அது மறைந்துவிட்டது. 28 பேருக்கு நாடி ஒடுங்கியது. 11 பேர் மாரடைப்புக்குள்ளாகினர், ஐவர் உயிரிழந்தனர்.

விதியைத் தீர்மானித்தது பெரிதும் புடைப்பின் அளவே. சிறு குழந்தையொன்றின் முடியுரு நாடி சுமார் 2 மில்லிமீற்றர் அகலமானது. அது 8 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ விரிந்தால் இராட்சதப் புடைப்பு எனப்படும். மேற்படி ஆய்வில் இத்தகைய புடைப்பு 26 பேருக்கு இருந்தது. 12 பேரின் நாடி ஒடுங்கியோ முற்றாக அடைபட்டோ போயிற்று. ஆற்று நீர் அகன்ற மடுவொன்றை அடைந்ததும் வேகம் குன்றித் தேங்குவதைப் போல, புடைத்த இடத்தில் குருதி தேங்கி உறைகிறது. முதல் ஓரிரு வருடங்களில் நிகழும் மாரடைப்புக்கு இதுவே பிரதான காரணம். அதனாலேயே அஸ்பிரினுடன் வோபரினும் கொடுக்கப்படுகிறது. பின்வரும் ஆண்டுகளில் புடைப்பின் இரு முனைகளிலும் சுவர் தடித்து, சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து, வழி சிறுகச் சிறுக ஒடுங்குகிறது. இது வலியின்றியே நடைபெறலாம். பாடசாலை மைதானத்தில் ஓடியாடித் திரியும் பிள்ளையைப் பார்த்து யார்தான் ஐயுறுவார்?

மறைந்துவிட்ட புடைப்பும் முழுமையான குணமாகாது. நாடியின் உட்சுவர் தடித்து உள்நோக்கி வளர்வதாலேயே குருதி செல்லும் வழி பழைய அளவுக்குத் திரும்புகிறது. விரிந்துபோன குழாயினுள்ளே சாந்து பூசி அதன் துவாரத்தைக் குறைத்ததற்கு இதனை ஒப்பிடலாம். எக்கோ பரிசோதனையில் அளவு சாதாரணமாகத் தென்பட்டாலும், தேவைக்கேற்ப விரியும் ஆற்றல் அந்த நாடிக்குக் குறைவாகவே இருக்கும். புகைத்தல், உயர் குருதி அமுக்கம், கொலஸ்திரோல் என்பன பிற்காலத்தில் வந்து சேர்வது இத்தகையோருக்கு ஏனையோரைவிடக் கூடுதலான கேடாகும்.

சிறுவர் கிளினிக்கிலிருந்து வளர்ந்தோர் கிளினிக்குக்கு மாறும் வயதிலேயே தொடர்பு அறுந்துபோகிறது. சுகமாயிருப்பதாக உணரும் இளைஞர் வைத்தியசாலைக்குச் செல்ல விரும்புவதில்லை. பெண் பிள்ளைகள் விடயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. திருமணப் பேச்சு எழும்போது இதய நோய் என்ற சொல்லே மறைக்கப்படுவது தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டிலும் நாம் அறிந்த ஒன்றுதான். ஆனால் வோபரின் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. கருத்தரிக்க எண்ணும் முன்பே வைத்தியருடன் பேசி மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

கிளினிக் புத்தகமும் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டையும் நம் வீடுகளில் பெரும்பாலும் சில வருடங்களில் காணாமற் போய்விடுகின்றன. இருபது வருடங்களின் பின் பரிசோதிக்கும் இதய நோய் நிபுணருக்கு அன்றைய அளவு மட்டும் போதாது. நோய்க் காலத்தில் புடைப்பு எத்தனை மில்லிமீற்றர் வரை விரிந்திருந்தது என்பதைக் கொண்டே எத்தகைய பரிசோதனை, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை அவசியம் என்பதை அவர் முடிவு செய்வார். அந்த இலக்கம் முதல் எக்கோ அறிக்கைகளில்தான் இருக்கிறது.