பன்னிரண்டுக்கு ஒன்று

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டைக் குடவோலைக்காகத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல் எழுந்த அந்தச் சாசனம் சபைக்கு வருபவரிடம் கேட்கும் தகுதிகளில் ஒன்று வீட்டைப் பற்றியது: சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள்.

எழுபதைத் தாண்டியவருக்கும், எந்த வயதிலும் சக்கர நாற்காலியில் நகர்பவருக்கும், அதே சொந்த வீட்டின் வாசற்படி சுவராகிவிடுகிறது. பட்டா இருக்கும், வரி ரசீது இருக்கும். தெருவுக்கு வர மட்டும் இரண்டு பேர் தூக்க வேண்டும்.

அந்தச் சுவரைக் கடக்க மனிதன் கண்ட கருவி மிகப் பழையது: சாய்தளம். நெல் மூட்டையை லாரியில் ஏற்றச் சாய்த்துப் போடும் பலகையும் அதுவே. பளுவை நேராகத் தூக்காமல் சரிவில் நீளத் தள்ளினால், தூரம் கூடுகிற அளவுக்கு விசை குறைகிறது. கட்டட விதிமுறைகள் சொல்லும் கணக்கு 12-க்கு 1. ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 84 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சரிவில் மேலே தள்ள, 7 கிலோவைத் தூக்கும் பலமும் உராய்வுக்காக இன்னும் கொஞ்சமும் போதும். சரிவை 6-க்கு 1 என்று ஆக்கினால் அந்த 7 கிலோ 14 ஆகிவிடும்.

நம் ஊர் வீடுகள் பலவற்றின் வாசலில் ஏற்கெனவே ஒரு சரிவு இருக்கிறது. அது பைக் ஏற்றுவதற்கு. எஞ்சின் இழுக்கும் என்ற நம்பிக்கையில் மூன்றடிக்குள் முடித்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலிக்கு அது ஏற்றத்தில் மலை, இறக்கத்தில் ஆபத்து. ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி சாய்தளம் வேண்டும். தெருவில் அவ்வளவு இடம் ஏது என்ற கேள்வி நியாயமானது. நேராக நீட்டாமல் திண்ணையை ஒட்டி ஓட்டி, ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் ஒன்று விட்டு, திருப்பிக் கொண்டுவரலாம். ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சின்ன வரப்பு, இருபுறமும் கைப்பிடி. கொத்தனார் சிமென்ட் பூசியதும் அது இறுகுவதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும். மழை நாளில் சக்கரமும் காலும் வழுக்காமல் காப்பது அந்தக் கோடுகள்தான்.

திண்ணையை மட்டும் இடித்துவிடக் கூடாது. அதன் உயரமும் சக்கர நாற்காலி இருக்கையின் உயரமும் பல வீடுகளில் ஏறக்குறைய ஒன்றே. நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, கையை ஊன்றிச் சறுக்கினால் திண்ணைக்கு மாறிவிடலாம். அப்புறம் தெருவோடு பேச்சுதான்.

அடுத்தது நிலைவாசல். மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படியை எடுக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், எடுக்கவும் வேண்டாம். இரண்டு அங்குலப் படிக்கு முன்னும் பின்னும் இரண்டடி நீளத்தில் ஆப்பு வடிவ மரப்பலகை ஒவ்வொன்று போட்டால் போதும். மஞ்சளும் இருக்கும், வழியும் இருக்கும்.

வெளிச்சத்தையும் இதே வேலையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பழைய ஓட்டு வீட்டின் முற்றம் அந்தக் குறையை ஈடுகட்டி வந்தது. ஆனால் மழைநீருக்காகப் பள்ளமாக விட்ட அதே முற்றம் காலை இடறும் என்று பலர் மூடிவிடுகிறார்கள்; நடுவீடு இருண்டுபோகிறது. பள்ளத்தின் மேல் தரை மட்டத்துக்கு இரும்புக் கிராதி பதித்தால் மழையும் வரும், வெயிலும் வரும், நாற்காலியும் போகும். கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இல்லையென்றால் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும். இருட்டான சமையலறைக்கு இரண்டு கண்ணாடி ஓடுகள் மாற்றினாலே பகலில் விளக்கு வேண்டாம்.

இப்படிச் செய்தால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் இருக்கும் லாரன்ட் இல்லம் அதற்குப் பதில். கடற்படைப் பணிக்காலத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த கென்னத் லாரன்டுக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்தது, 1952-இல் குடிபுகுந்தார்கள். ஒரே தளம், அகலமான வழிகள், உட்கார்ந்தபடி எட்டும் சுவிட்சுகள், தோட்டத்தைப் பார்த்து வளையும் நீண்ட கண்ணாடிச் சுவர். தம்பதி அங்கே ஏறத்தாழ 60 ஆண்டுகள் வாழ்ந்தார்கள். இன்று அழகுக்காகவே ஆட்கள் தேடிப்போய்ப் பார்க்கும் அருங்காட்சியகம் அது.

சென்னை அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு லிஃப்ட் உண்டு, ஆனால் தடை குளியலறையில் காத்திருக்கிறது. இரண்டரை அடிக் கதவில் நிலைச்சட்டம் போக மிஞ்சும் இடத்தில் பல நாற்காலிகள் நுழையாது. கதவை மூன்றடியாக்கி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்ட வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும். வழவழப்பான டைல்ஸை எடுத்துவிட்டுச் சொரசொரப்பானதைப் பதிப்பதும், முழு எடையைத் தாங்கும் கைப்பிடிக் கம்பியைச் சுவருக்குள் ஆழமாக இறுக்குவதும் ஒரு வாரத்துக்குள் முடிகிற வேலைகள்.

கொத்தனாரை அழைப்பதற்கு முன் ஒருநாள் சென்னைக்குப் பஸ் ஏறலாம். காமராசர் சாலையில் 2022-இல் தமிழக அரசு திறந்த மியூசியம் ஆஃப் பாசிபிலிடீஸில், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிக் கருவிகளை நேரில் பார்க்கலாம். கையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: வாசலின் உயரம், குளியலறைக் கதவின் அகலம், நாற்காலியின் அகலம்.