கடவுளை நம்பாதவருக்கு ஒரு சிறுநீரகம்

உடலும் உரிமையும் – 14

நாத்திகர்களுக்கு ஈவிரக்கம் இல்லை என்று யாராவது பேச்செடுத்தால், கொழும்புத் தமிழர் நடுவே உடனே வரும் பதில் ஒன்று உண்டு: “அப்ப கோவூர்?” வெள்ளவத்தை பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், கேரளத்தின் திருவல்லாவில் மார்த்தோமா திருச்சபைக் குருவானவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தொடங்கி கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி வரை தாவரவியல் படிப்பித்தார். ஓய்வுபெற்ற பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து, பேய், சூனியம், சோதிடம் எல்லாவற்றோடும் மல்லுக்கு நின்றார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அவர் அறிவித்த பரிசை, அவர் சாகும்வரை ஒருவரும் வெல்லவில்லை. 1978 செப்டெம்பரில் காலமான அவர், கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவர்களுக்கும், மிஞ்சும் எலும்புக்கூட்டைத் தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கும் எழுதி வைத்திருந்தார். இதற்கு மேல் ஒரு மனிதனிடம் கேட்க எதுவும் இல்லைதான். ஆனாலும் இந்தப் பதிலில் ஒரு கோளாறு இருக்கிறது. “எங்களிலும் நல்லவர் உண்டு” என்று சாட்சி கூப்பிடும்போதே, நல்லவர் என்று நிரூபித்தால்தான் இடம் என்ற எதிர்த்தரப்பின் விதியை ஒப்புக்கொண்டு விடுகிறோம். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் அந்த விதியே கூடாது என்பதுதான் இந்த வாரத்து வாதம்.

முதலில் நாத்திகர் மீதான அவநம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்று பார்ப்போம். உளவியலாளர் வில் ஜெர்வேயும் சகாக்களும் 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. பங்கேற்றவர்களுக்கு ஒரு மனிதனின் கதை சொல்லப்பட்டது. சிறுவயதில் மிருகங்களை வதைத்தவன், வளர்ந்த பின் வீடற்ற ஏழைகளைக் கொன்று புதைக்கிறான். இவன் ஓர் ஆசிரியராக இருக்கக் கூடுமா, அல்லது ஆசிரியராகவும் கடவுள் நம்பிக்கை இல்லாதவராகவும் இருக்கக் கூடுமா என்று ஒரு பாதிப் பேரிடம் கேட்டார்கள். மறுபாதிப் பேருக்கு “நம்பிக்கை இல்லாதவர்” என்ற இடத்தில் “நம்பிக்கை உள்ளவர்” என்று இருந்தது. கணக்குப்படி பார்த்தால் வெறும் ஆசிரியர் என்பதே கூடுதல் சாத்தியம். ஆனால் கொலைகாரனை நாத்திகனோடு சேர்த்துப் பார்த்துத் தடுக்கி விழுந்தவர்கள், நம்பிக்கையாளனோடு சேர்த்துப் பார்த்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த 13 நாடுகளில் இந்தியா உண்டு, இலங்கை இல்லை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று: பங்கேற்றவர்களில் நாத்திகராக இருந்தவர்களும் இதே பக்கம்தான் சாய்ந்தார்கள். அதாவது இது மதவாதிகளின் வெறுப்பு என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. கடவுளுக்குப் பயப்படாதவன் எதற்கும் பயப்படமாட்டான் என்ற எண்ணம் நம் எல்லாருக்குள்ளும் ஊறிக் கிடக்கிறது.

மனத்தில் கிடக்கும் எண்ணம் வைத்தியசாலை வாசலுக்கும் வருமா? பிரித்தானிய உளவியலாளர் ஏட்ரியன் ஃபர்ன்ஹாமும் சகாக்களும் 1998இல் இதைச் சோதித்தார்கள். சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் நோயாளர் சிலரைப் பற்றிய குறிப்புகளைச் சாதாரண மக்களிடம் கொடுத்து, யாருக்கு முதலிடம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். மத நம்பிக்கை உள்ள நோயாளர் முன்னுக்கு வந்தார்கள். நம்பிக்கை இல்லாதவர் பின்னுக்குப் போனார்கள். இது காகிதத்தில் நடந்த விளையாட்டு என்பவர்களுக்கு, நிஜமாகவே நடந்த ஒன்று 1962ஆம் ஆண்டின் அமெரிக்க நகரமான சியாட்டிலில் இருக்கிறது. பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற வைத்தியர் நீண்டகாலக் குருதிச் சுத்திகரிப்புக்கு வழி கண்டுபிடித்திருந்தார். இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. யாரை ஏற்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. ஒரு சட்டத்தரணி, ஒரு மதகுரு, ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஒரு தொழிற்சங்கத் தலைவர் என்று சமூகத்தின் கண்ணியவான்கள். வயது, வருமானம், பிள்ளைகள் எத்தனை, படிப்பு என்ன என்பவற்றோடு, இவர் ஒழுங்காகத் தேவாலயம் போகிறவரா என்பதும் அந்த மேசையில் எடைபோடப்பட்டது. ஷானா அலெக்ஸாண்டர் அதே ஆண்டு லைஃப் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இதை ஊரறியச் செய்தது. அந்த ஏழு பேரும் கொடியவர்கள் அல்லர், தங்களைப் போன்றவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். 1972இல் அமெரிக்க அரசே சுத்திகரிப்புச் செலவைப் பொறுப்பேற்றதோடு அந்தக் குழுவுக்கு வேலை இல்லாமல் போனது. இயந்திரத்தைப் பெருக்கலாம். சிறுநீரகத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது என்பதால் தெரிவு என்ற சிக்கல் மட்டும் இன்றும் தீரவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மாற்றுச் சிகிச்சை வெறும் சத்திரசிகிச்சை அல்ல. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்க, ஆயுள் முழுக்க நேரம் தவறாமல் மருந்து எடுக்க வேண்டும். கிளினிக்குக்குப் போக வேண்டும். கட்டுப்பாடாக வாழ வேண்டும். ஆகவே நோயாளி நம்பத்தக்கவரா என்று பார்ப்பது வைத்தியத்தின் ஒரு பகுதிதானே? ஆம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதைப் பார்க்க நேரான வழிகள் இருக்கின்றன. கடந்த ஒரு வருடத்தில் கிளினிக் தேதிகளில் எத்தனை தவறின, இரத்த அழுத்த மாத்திரை ஒழுங்காக எடுத்தாரா, தண்ணீர் அளவைக் கடைப்பிடித்தாரா, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பவை எல்லாம் நோயாளியின் கோப்பிலேயே கிடைக்கும். வெள்ளிக்கிழமை விரதத்தை வைத்து மாத்திரை விழுங்கும் ஒழுங்கை ஊகிப்பது குறுக்குவழி. அதைவிட மோசமான குறுக்குவழி ஒன்றும் உண்டு: கோயில் சபை, தேவாலயச் சங்கம் போன்றவற்றில் இருப்பதையே சமூக ஆதரவு என்று எண்ணிக்கொள்வது. எந்தச் சபையிலும் சேராதவருக்கும் மனைவி உண்டு, அண்ணன் உண்டு, பக்கத்து வீடு உண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். உறுப்பு தானத்தில் இலங்கைக்கு உலகில் ஒரு பெயர் உண்டென்றால் அது கண்களால் வந்தது. இங்கே கண் தான இயக்கத்தைத் தொடங்கிய ஹட்சன் சில்வா 1958இல் ‘லங்காதீப’ பத்திரிகையில் அதற்காக வேண்டுகோள் விடுத்தார். தொடக்க காலத்தில் கிடைத்த கண்களை வைத்திருக்க அவருக்குக் கிடைத்தது சொந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கம் உருவானது. 1964இல் முதல் கண்கள் சிங்கப்பூருக்குப் பறந்தன. பிறகு விழிவெண்படலங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன. பாகிஸ்தான் அவற்றை மிக அதிகமாகப் பெற்ற நாடுகளுள் ஒன்று. 1996இல் காலமான முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் விழிவெண்படலம் ஜப்பானுக்குப் போனது. இத்தனைக்கும் உந்துசக்தி மதம்தான் என்பதை மறைக்கத் தேவையில்லை. குருட்டு யாசகனுக்குத் தன் கண்களைப் பிடுங்கிக் கொடுத்த சிவி மன்னனின் ஜாதகக் கதையைச் சிங்களக் குழந்தைகள் விகாரையிலேயே கேட்டு வளர்கிறார்கள். நமக்குக் கண்ணப்பர் இருக்கிறார். (கண்ணப்பர் கொடுத்தது கடவுளுக்கு, சிவி கொடுத்தது பிச்சைக்காரனுக்கு என்ற வித்தியாசத்தைச் சைவர்கள் ஒருதரம் யோசிக்கலாம்.) புண்ணியம் தேடிக் கொடுத்த கண் கராச்சியில் ஒரு முஸ்லிமுக்குப் பார்வையானபோது, வாங்கியவர் பஞ்சசீலம் சொன்னாரா என்று எவரும் கேட்கவில்லை. கொடுப்பவர் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கலாம், பெறுபவரின் மனத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்ற முறையை நாம் அறுபது வருடங்களுக்கு முன்பே கண்களில் கடைப்பிடித்துக் காட்டிவிட்டோம்.

சிறுநீரகத்தில் அந்த முறை தடம் மாறுகிறது. காரணம் எளியது. கண் இறந்தவரிடமிருந்து வருகிறது. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் நடுவே ஒரு நிறுவனம் நிற்கிறது. இங்கே சிறுநீரகங்களில் பெரும்பகுதி உயிரோடிருப்பவரிடமிருந்து வருகிறது. குடும்பத்தில் பொருந்துபவர் இல்லையென்றால் நோயாளி தானே ஆள் தேட வேண்டும். ஞாயிறு பத்திரிகைகளில் வரும் சிறுநீரக வேண்டுகோள்களைப் பாருங்கள்: இரத்த வகை, வயது, ஒரு படம், இரண்டு பிள்ளைகளின் தந்தை என்ற வரி, சிலவேளை மதகுருவின் சிபாரிசு. படிப்பவர் மனம் இளகுவதற்கு எவை உதவுமோ அவையெல்லாம் இருக்கும். இந்த இடத்தில் வரிசை என்று ஒன்றும் இல்லை. சியாட்டிலின் ஏழு பேருக்குப் பதில் வாசகர் ஒவ்வொருவரும் ஒரு குழு. நெற்றியில் திருநீறோ கழுத்தில் சிலுவையோ இல்லாதவருக்கு, “நான் எதையும் நம்புவதில்லை” என்று வெளிப்படையாகச் சொல்லி வாழ்ந்தவருக்கு, எந்தக் குருவானவரிடம் கடிதம் கேட்பது? வேண்டுகோள் பலிக்காதவர் காசால் தேடத் தொடங்குகிறார். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றுச் சட்டம் விலைக்கு வாங்குவதையும் விற்பதையும் தடுத்திருந்தும், கொட்டாஞ்சேனைக்கு அப்பால் வடகொழும்பின் தோட்டக் குடியிருப்புகளைச் சேர்ந்த வறியவர்கள், பேசிய பணம் தராமல் தங்கள் சிறுநீரகங்களை எடுத்துவிட்டார்கள் என்று 2022இல் பொலிசில் முறையிட்டது நினைவிருக்கும். ஆளைப் பார்த்துக் கொடுக்கும் முறையின் மறுபக்கம் அது. அங்கே பாரபட்சம் நம்பிக்கையை விட்டுவிட்டுப் பணப்பையைப் பிடித்துக்கொள்கிறது.

என் உடல், என் உறுப்பு, யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம் அல்லவா என்று கேட்கலாம். தம்பிக்குக் கொடுக்கும் அக்காவிடம், பட்டியலில் முதலில் நிற்பவருக்குக் கொடு என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உறவு ஒரு காரணம். வெறுப்பு வேறு வகை. 1998இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இறந்த ஒருவரின் குடும்பத்தார், அவருடைய உறுப்புகள் வெள்ளையருக்கு மட்டுமே போக வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள், வைத்தியசாலையும் பெற்றுக்கொண்டது. மறு ஆண்டு விஷயம் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. விசாரித்த அரசாங்கக் குழு 2000இல் தெளிவாகச் சொன்னது: பெறுபவரைப் பற்றிய நிபந்தனையோடு வரும் உறுப்பை ஏற்கவே கூடாது. மறுத்தால் உறுப்பு வீணாகி ஒரு நோயாளி சாவாரே என்ற வாதம் லேசானதல்ல. ஆனால் ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அடுத்த குடும்பம் கத்தோலிக்கருக்கு மட்டும் என்னும், அதற்கடுத்தது சைவருக்கு மட்டும் என்னும். எந்தக் குடும்பமும் “நாத்திகருக்கு மட்டும்” என்று சொல்லப்போவதில்லை. நிபந்தனைகள் பெருகினால் கடைசியில் கைவிடப்படுபவர் யார் என்று கணக்குப் போட வேண்டியதே இல்லை.

இன்னொரு மறுப்பு கொடுக்கல் வாங்கல் கணக்கைப் பற்றியது: மதத்தவர் கொடுத்துச் சேர்த்ததை நாத்திகர் இலவசமாக அனுபவிக்கிறார்கள். இந்தக் கணக்கை உண்மையிலேயே சட்டமாக்கிப் பார்த்த நாடுகள் உண்டு. இஸ்ரேலின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் தான அட்டையில் கையெழுத்திட்டவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, மறுப்புத் தெரிவிக்காத எவரும் கொடையாளரே. மறுப்பவர் தமக்கு உறுப்பு தேவைப்படும்போது பின்னுக்குத் தள்ளப்படுவார். முஸ்லிம்களுக்கு முதலில் விலக்கு இருந்தது. 2008இல் அவர்களும் உள்ளே வந்தார்கள். இம்முறைகளிலும் குறை உண்டு. மூளைச்சாவை மரணமாக ஏற்காத வைதிக யூதர்கள், இது தங்கள் விசுவாசத்துக்கு விதித்த தண்டனை என்கிறார்கள், அது முற்றிலும் பொய்யல்ல. ஆனாலும் கவனியுங்கள்: இரு நாடுகளும் அளந்தது கையெழுத்தை. கோவூரின் கையெழுத்தும் ஒரு பிக்குவின் கையெழுத்தும் அங்கே ஒரே எடை. கணக்குத்தான் வேண்டும் என்பவர்கள் அதற்குச் சம்மதிக்கட்டும். நாத்திகர்தான் அதில் தோற்பார்கள் என்பது நிச்சயமில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாத இந்தியக் கம்யூனிஸ்ட் தலைவர்களில், 2010இல் கொல்கத்தாவில் இறந்த ஜோதி பாசுவின் கண்களும் உடலும், 2024இல் டில்லியில் இறந்த சீத்தாராம் யெச்சூரியின் உடலும் தானமாகப் போயின.

நம் நாட்டில் நாத்திகர் எத்தனை பேர், இதற்கு இவ்வளவு பேச்சா என்பவர்களுக்கு ஒன்று. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நான்கு பெருமதங்களுக்கும் வெளியே “ஏனையவை” என்ற சின்ன மூலைக்குள் ஒரு வீதத்தின் இருபதில் ஒரு பங்கினரே இருந்தார்கள். அது உண்மையான எண்ணிக்கையா, வாய் திறவாதவர்களின் எண்ணிக்கையா? க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம். நம்பாத வீட்டுப் பிள்ளையும் ஏதோ ஒரு சமயத்துக்கு எழுதித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு சமயம், மரண அறிவித்தலுக்கு ஒரு சமயம். கொட்டாஞ்சேனையில் லூசியாள் பேராலயமும் தீபதுத்தாராம விகாரையும் பொன்னம்பலவாணேசர் கோயிலும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. 1883இல் பௌத்தரும் கத்தோலிக்கரும் அங்கே தெருவில் அடித்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் திருவிழாவுக்கு ஒருவர் வழிவிடப் பழகிக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தில் இடம் கிடைத்தது ஏதோவொரு சாமியை வைத்திருப்பவர்களுக்கு. நோய் முற்றிக் கட்டிலில் கிடப்பவன் தன் அவநம்பிக்கையை மறைத்துக் கும்பிடு போட்டால்தான் சிறுநீரகம் கிடைக்கும் என்று நினைத்தாலே போதும், அநியாயம் நடந்துவிட்டது. யாரும் அவனை வாசலில் நிறுத்தியிருக்கத் தேவையில்லை.

செய்யக் கூடியவை பெரிய காரியங்களும் அல்ல. உறவினரல்லாதவர் தரும் சிறுநீரகம் நோயாளி தேடிப்பிடித்த ஆளுக்காக அல்லாமல், கண்ணைப் போலவே ஒரு பொதுப் பட்டியலுக்குப் போக வேண்டும்; குருதி, இழையப் பொருத்தம், காத்திருந்த காலம், அவசரம் ஆகியவற்றின்படி பட்டியல் நகர வேண்டும். அது கைகூடும்வரை, வேண்டுகோள்களை வெளியிடும் பத்திரிகைகள் இரத்த வகையையும் வைத்தியசாலையின் உறுதிப்படுத்தலையும் மட்டும் கேட்டு, சிபாரிசுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். வெள்ளவத்தையில் ஒருவர் உடல் தானப் பத்திரத்தில் ஒப்பமிட்டுவிட்டு இறந்தால், கிரியை செய்யாமல் எப்படி அனுப்புவது என்று தயங்கும் பிள்ளைகளிடம் பேச வைத்தியசாலையில் ஓர் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். பத்திரம் இருந்தும் அடக்கமாகிப் போகும் கண்கள் இந்தத் தயக்கத்தில்தான் போகின்றன. இறந்து சில மணித்தியாலங்களுக்குள் எடுக்காவிட்டால் விழிவெண்படலம் பயன்படாது.